ஜிஎம் பண்றவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்: உலகம் அமைக்கறதுல இருந்து டைஸ மறைக்கறது வரைக்கும்

டேபிள்ல உக்காந்து ஆடற ஃபேன்டஸி ரோல் பிளேயிங் கேம்ஸ்க்கு புதுசா ஜிஎம் (கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்த நடத்தறவர்) பண்ண வர்றவங்க கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களத்தான் கேக்கறாங்க. பாதி கேள்வி உலகத்த எப்படி அமைக்கறதுன்னு இருக்கும், மீதி டேபிள்ல அந்த நிமிஷத்துல என்ன முடிவு எடுக்கறதுன்னு இருக்கும். என்னப் பொறுத்தவரை இது ரெண்டும் ஒரே கேள்விதான், கீழ படிக்கப் படிக்க ஏன்னு புரியும். நம்பர் வர்ற இடத்துல எல்லாம், வேற எதுவும் சொல்லலன்னா, டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) கேமோட ஐந்தாவது எடிஷன் 2014 ரூல்ஸ வச்சு சொல்லிருக்கேன். வேற கேம் ஆடறவங்க நம்பர மட்டும் மாத்திக்கோங்க, விஷயம் அதேதான்.

ஜிஎம்னா யாரு? கதை சொல்றவரா, அம்பயரா, இல்ல எதிர் டீமா?

மத்தவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு கேரக்டர் ஆடுவாங்க, உலகத்துல மிச்சம் இருக்கற அத்தனையும் ஜிஎம் பொறுப்பு. கடைக்காரன், காவலாளி, டிராகன், மழை, பூட்டின கதவு எல்லாமே. எதிரிகளையும் நீங்கதான் ஆடறீங்க, ஆனா நீங்க எதிர் டீம் கெடையாது. ஜெயிக்கறதுதான் நோக்கம்னா அடுத்த கதவுக்குப் பின்னாடி பத்து டிராகன நிறுத்திட்டு அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாமே. வேலை என்னன்னா சூழ்நிலைய சொல்றது, "என்ன பண்றீங்க"ன்னு கேக்கறது, அவங்க பண்ணதுக்கு உலகம் என்ன பதில் சொல்லுதுன்னு சொல்றது, மறுபடி கேக்கறது.

இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்ப வந்து நிக்கப்போற விஷயம் ஒண்ணு இருக்கு, இப்பவே சொல்லிடறேன். பிளேயர் எடுக்கற முடிவுக்கு ஒரு விளைவு இருக்கணும், அந்த விளைவ ஓரளவாவது முன்கூட்டியே யூகிக்க முடியணும். சுரங்கத்துல ரெண்டு பாதை பிரியுது, ரெண்டும் இருட்டுன்னு மட்டும் சொன்னா அவங்க காசு சுண்டிதான் போவாங்க. இடது பக்கம் பொணவாடை வருது, வலது பக்கம் தண்ணி ஓடற சத்தம் கேக்குதுன்னு சொல்லிப் பாருங்க, உடனே அவங்களுக்குள்ள பேச்சு ஆரம்பிச்சிடும்.

முதல் தடவை ஜிஎம் பண்ணப்போறேன், முழு உலகத்தையும் எழுதி முடிச்சிட்டுதான் ஆரம்பிக்கணுமா?

வேண்டவே வேண்டாம். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டி அண்ட் டிய வெளியிட்டாங்க, அதுக்கு முன்னாடியே அவங்க ரெண்டு பேருக்கும் சொந்த உலகம் இருந்துச்சு, கைகாக்ஸோடது கிரேஹாக், ஆர்னசனோடது பிளாக்மூர். ரெண்டுமே ஒரு கோட்டை, அதுக்குக் கீழ ஒரு சுரங்கம்னு ஆரம்பிச்சு, ஆட ஆட வளந்ததுதான். ஐயாயிரம் வருஷத்து ராஜ வம்சம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல் செஷன்ல எந்த பிளேயரும் அத கேக்கப்போறதில்ல.

ஒரு ஊரு, பக்கத்துல ஒரு ஆபத்து, அந்த ஊருக்குள்ள எதையோ தேடறதும் எதையோ மறைக்கறதுமா மூணு பேரு, இவ்ளோ போதும். உதாரணத்துக்கு ஆத்தங்கரைல ஒரு ஊரு, அக்கரைக்குப் போக ஒரே ஒரு படகு. படகுக்காரி மூணு நாளா ராத்திரில படகு எடுக்க மாட்டேங்கறா, ஏன்னு கேட்டா பேச்ச மாத்தறா. வரி வசூல் அதிகாரிக்கு அக்கரைல இருந்து வரவேண்டிய பெட்டி இன்னும் வந்து சேரல, அவரு கணக்கு காட்டவேண்டிய நாள் நெருங்குது. மடத்துல இருக்கற துறவி ஆத்துல மிதந்து வந்த ரெண்டு பொணத்த யார்கிட்டயும் சொல்லாம புதைச்சிட்டாரு. அக்கரைல என்ன இருக்குன்னு நாலு வரி எழுதிக்கோங்க, முடிஞ்சுது. இதுல யார்கிட்ட முதல்ல பேசினாலும் மத்த ரெண்டு பேர்கிட்ட கொண்டுபோய் விடும், அதனால பிளேயர்ஸ் எங்க தொட்டாலும் கதை நகரும்.

சொந்தமா உலகம் பண்றது நல்லதா, ரெடிமேடா இருக்கறத எடுத்துக்கறது நல்லதா?

எதுல உங்களுக்கு உற்சாகம் வருதோ அது. ரெடிமேட்ல ஊரு பேரு, சாமி பேரு, மேப் எல்லாம் தயாரா இருக்கும், ஆனா படிக்க நெறைய இருக்கும். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் மாதிரி 1987ல இருந்து புக் வந்துட்டே இருக்கற உலகத்த எடுத்தா டேபிள்ல ஒருத்தராவது உங்களவிட அதிகமா படிச்சிருப்பாரு, "என் டேபிள்ல நடக்கறதுதான் உண்மை"ன்னு முதல் நாளே சொல்லிடுங்க.

சொந்தமா பண்றதா இருந்தா நூறு புதுமை வேண்டாம், ஒரே ஒரு பெரிய மாத்தம் போதும், ஆனா அத கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போகணும். 1991ல வந்த டார்க் சன் உலகத்துல மந்திரம் போட்டா சுத்தி இருக்கற செடிகொடியோட உயிரயே அது உறிஞ்சிடும், அதனால உலகம் பாலைவனம், அங்க இரும்பும் கெடைக்காது, அதனால ஆயுதம் எலும்புலயும் கல்லுலயும் செய்யறாங்க, மந்திரவாதின்னு தெரிஞ்சாலே ஜனங்க வெறுக்கறாங்க. 2004ல வந்த எபரான்ல கீத் பேக்கர் நேர் எதிரா யோசிச்சாரு, சின்னச் சின்ன மந்திரம் எல்லா எடத்துலயும் கெடைச்சா ஜனங்க அத தொழிலா மாத்திடுவாங்க இல்லையா, அதனால அங்க மந்திரத்துல ஓடற ரயிலே இருக்கு. ரெண்டுலயும் அந்த ஒரு மாத்தம் ஒரு ஏழையோட அன்னாட வாழ்க்கை வரைக்கும் எறங்கி வருது. உங்க உலகத்துலயும் அத சோதிச்சுப் பாருங்க.

மேப் எவ்ளோ பெருசா போடணும்?

நடந்து போற வேகத்துல இருந்து கணக்குப் போடுங்க. சாதாரண வேகத்துல ஒரு நாளைக்கு 24 மைல், கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர், அவசரமா போனா 30, பதுங்கி மெதுவா போனா 18. மேப்ல ஒரு அறுகோணக் கட்டம் 6 மைல்னு வச்சா ஒரு நாளைக்கு நாலு கட்டம், கணக்கு சுலபம். பத்துக்குப் பத்து கட்டம் போட்டாலே பல செஷனுக்கு வரும். கண்டத்த வரையறது சந்தோஷமான வேலைதான், நானும் வரைவேன், ஆனா அது ஆட்டத்துக்கான தயாரிப்புக் கணக்குல சேராது.

எப்போ டைஸ் உருட்டச் சொல்லணும், டிசி (ஜெயிக்க எட்டவேண்டிய நம்பர்) எவ்ளோ வைக்கணும்?

உருட்டச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி உங்களையே கேட்டுக்கோங்க. தோத்தா சுவாரசியமா ஏதாவது ஆகுமா? ஜெயிக்கவும் தோக்கவும் ரெண்டுக்கும் நிஜமாவே வாய்ப்பு இருக்கா? ரெண்டுல ஒண்ணுக்கு இல்லன்னாலும் உருட்ட வேண்டாம், நடந்ததுன்னோ நடக்கலன்னோ சொல்லிட்டு நகருங்க. பூட்டின பொட்டி, பக்கத்துல யாரும் இல்ல, நேரம் தாராளமா இருக்குன்னா எதுக்கு உருட்டணும், தெறந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. காவலாளி வர்ற காலடிச் சத்தம் கேக்குதுன்னா அப்போ உருட்டலாம்.

நம்பர பொறுத்தவரை சுலபம்னா 10, நடுத்தரம்னா 15, கஷ்டம்னா 20. டி20ல, அதாவது இருபது முக டைஸ்ல, ஒவ்வொரு முகமும் 5 சதவீதம், அதனால +5 இருக்கறவருக்கு, அதாவது விழுந்ததோட 5 கூட்டிக்கறவருக்கு, டிசி 15ன்னா பத்தோ அதுக்கு மேலயோ விழணும், 55 சதவீத வாய்ப்பு. நடுத்தரம்னு பேரு இருந்தாலும் நல்லாத் தெரிஞ்சவரே பாதிக்குப் பாதிதான், இத மனசுல வச்சுட்டு நம்பர் சொல்லுங்க. முக்கியமா உருட்டறதுக்கு முன்னாடியே "தோத்தா காவலாளி உள்ள வந்துடுவான்"னு சொல்லிடுங்க, வேண்டாம்னு பின்வாங்கற வாய்ப்பும் அவங்களுக்கு இருக்கணும்.

நாலு பேரும் பதுங்கிப் போறாங்க, எல்லாரும் உருட்டினா எப்பவுமே யாராவது ஒருத்தர் மாட்டிக்கறாரு, நான் ஏதாவது தப்பா பண்றேனா?

கணக்கு அப்படி. ஒவ்வொருத்தருக்கும் 60 சதவீதம் இருந்தாலும் நாலு பேரும் ஜெயிக்கறதுக்கு வாய்ப்பு வெறும் 13 சதவீதம்தான். இதுக்குத்தான் குரூப் செக்னு ஒரு ரூல் இருக்கு, பாதிப் பேர் ஜெயிச்சாலே மொத்த குழுவும் ஜெயிச்சதா கணக்கு, அதே 60 சதவீதத்த வச்சுப் போட்டா 82 சதவீதம் வரும். அதே மாதிரி ஒரே வேலைக்கு அஞ்சு தடவ உருட்டச் சொல்றதும் மறைமுகமா "முடியாது"ன்னு சொல்றதுதான். ஒரு உருட்டுக்கு ஒரு முடிவு, அது அந்த ராத்திரி முழுக்க செல்லும்னு வச்சுக்கோங்க.

ராத்திரி பூரா உக்காந்து ஒரு சுரங்கம் ரெடி பண்ணேன், பிளேயர்ஸ் அந்தப் பக்கமே வரல, இழுத்துட்டுப் போகலாமா?

இழுக்காதீங்க, ஆனா உலகத்த நிறுத்தியும் வைக்காதீங்க. அவங்க போகாத எடத்துல என்ன நடக்குதோ அது நடந்துட்டே இருக்கணும். ஒரு வட்டத்த ஆறு துண்டா பிரிச்சு வரைஞ்சு வச்சுக்கோங்க, அவங்க கண்டுக்காம விடற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துண்ட நிரப்புங்க. படகுக்காரி ஊரையே எடுத்துக்கோங்க, ரெண்டு துண்டு நிரம்பினா மூணாவது பொணம் ஒதுங்குது, நாலுல அதிகாரி படகுக்காரிய சிறையில போடறாரு, ஆறுல அக்கரைல இருந்தது ஆத்தத் தாண்டி வந்துடுது. இந்தச் சேதி எல்லாம் சந்தையிலயும் சத்திரத்துலயும் அவங்க காதுல விழணும், விழுந்தும் போகலன்னா அது அவங்க முடிவு, அதுக்கான விளைவும் அவங்களோடது.

இன்னொரு வழி இதவிட எளிமையானது, செஷன் முடியும்போது "அடுத்த வாரம் எங்க போறீங்க"ன்னு கேட்டுடுங்க, அத மட்டும் ரெடி பண்ணுங்க. போகாத சுரங்கத்த பத்திரமா எடுத்து வைங்க, இன்னொரு ஊருக்கு இன்னொரு நாள் உதவும்.

அந்த சுரங்கத்தையே அவங்க போற எடத்துக்கு நகத்தி வச்சா? எந்தப் பாதைல போனாலும் அதே ராட்சசன் வந்தா அவங்களுக்குத் தெரியவா போகுது?

இங்கதான் ஜிஎம் பண்றவங்களே ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போடுவாங்க. என் பதில் முதல் கேள்வில சொன்னதுல இருந்து வருது. ரெண்டு பாதையப் பத்தியும் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா அவங்க எதையும் தேர்ந்தெடுக்கவே இல்ல, அப்போ ராட்சசன எங்க வச்சாலும் யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆனா காலடித் தடத்தப் பாத்து, ஊர்க்காரங்கள விசாரிச்சு, "ராட்சசன் வடக்குப் பாதைல இருக்கான், நாம தெற்கால போலாம்"னு முடிவு பண்ணி தெற்கால போனவங்க முன்னாடி அதே ராட்சசன கொண்டுவந்து நிறுத்தினா நீங்க அவங்க உழைப்ப எடுத்து குப்பையில போட்டுட்டீங்க. தெரியாதுன்னு நெனைக்காதீங்க, நாலஞ்சு செஷன்ல தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் யாரும் விசாரிக்கவே மாட்டாங்க, ஏன்னா விசாரிச்சு என்ன ஆகப்போகுது.

ஜிஎம் முன்னாடி வைக்கற அட்டைத் திரைக்குப் பின்னாடி டைஸ் ரிசல்ட்ட மாத்திச் சொல்லலாமா? கேரக்டர் சாகப்போகுதுன்னா பாவமா இருக்கு

பண்றவங்க நெறைய பேர் இருக்காங்க, டி அண்ட் டியோட ஜிஎம் புக்கே அதுக்கு எடம் குடுக்குது. நான் வேண்டாம்னு சொல்வேன். மேல சொன்ன ராட்சசன் மாதிரியேதான் இதுவும், விளைவ நீங்க ரகசியமா அழிச்சா முடிவோட எடையும் சேந்து போயிடும். பாவமா இருந்தா உருட்டறதுக்கு முன்னாடி பண்ணவேண்டியது எவ்ளவோ இருக்கு. எதிரி விழுந்தவன விட்டுட்டு நின்னுட்டு இருக்கறவன அடிக்கலாம், உயிரோட பிடிச்சிட்டுப் போய் பணயம் கேக்கலாம், சரணடையச் சொல்லலாம். இதெல்லாம் உலகத்துக்குள்ள நடக்கறது, பிளேயரும் அதுக்கு பதில் சொல்லலாம்.

சாவே வேண்டாங்கற டேபிள்னா அத ரூலா பேசி வச்சுக்கோங்க, "சாக மாட்டீங்க, ஆனா நெரந்தரமா ஏதாவது இழப்பீங்க"ன்னு. அப்புறம் எல்லார் முன்னாடியும் உருட்டுங்க. அந்த டி20 உருண்டு நிக்கற வரைக்கும் மேஜைல ஒருத்தரும் மூச்சு விடமாட்டாங்க, அதுக்காகத்தான இந்த ஆட்டத்துக்கே வர்றோம்.

செத்தவங்கள மந்திரத்துல எழுப்ப முடியும்னா அந்த உலகத்துல சாவுக்கு என்ன அர்த்தம்? ராஜா எப்படி சாவாரு?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, ஏன்னா இதுக்கு பதில் தேடினாலே பாதி உலகம் தானா உருவாயிடும். ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 தங்கக்காசு பெறுமான ஒரு வைரம் வேணும், அது எரிஞ்சு போயிடும், செத்து பத்து நாளுக்குள்ள பண்ணணும். ரிவிவிஃபைக்கு 300 தங்கக்காசு வைரம், ஆனா செத்து ஒரு நிமிஷத்துக்குள்ள. இப்போ கூலிய பாருங்க, திறமை தேவைப்படாத வேலைக்கு ஒரு நாளைக்கு 2 வெள்ளி, பத்து வெள்ளி ஒரு தங்கம். 500 தங்கம் சேக்க 2500 நாள், சாப்பிடாம கொள்ளாம கிட்டத்தட்ட ஏழு வருஷ கூலி. அப்போ ஏழைக்கு சாவுன்னா சாவுதான், பணக்காரனுக்கு அது ஒரு செலவு.

இதுல இருந்து இழுத்துட்டே போங்க. வைரச் சுரங்கம் யார்கிட்ட இருக்கோ அவங்க கையில உயிரே இருக்கு, ராஜா வைரத்த எண்ணி கஜானால பூட்டி வைப்பாரு, தனியா வச்சிருந்தா குற்றம்னு சட்டம் போடுவாரு. வைரம் கடத்தறவன் எல்லாத்தையும்விட பெரிய கடத்தல்காரன். ராஜாவக் கொல்ல நெனைக்கறவன் கத்தியோட நிறுத்தமாட்டான், உடம்ப பத்து நாளுக்கு ஒளிச்சு வைக்கவும் சேத்துத் திட்டம் போடுவான், அங்கயே உங்களுக்கு ஒரு கதை கெடைச்சிடுச்சு. கூலிக்காரன் ஒருத்தன் தன் பொண்ணுக்காக வைரம் திருடி, பத்து நாள்ல ஒம்பதாவது நாள்ல பிளேயர்ஸ்கிட்ட மாட்டினா அவங்க என்ன பண்ணுவாங்க? அத அவங்ககிட்ட விட்டுடுங்க, நீங்க முன்னாடியே பதில் யோசிச்சு வைக்க வேண்டியதில்ல.

இதே மாதிரி சின்ன மந்திரத்தையும் பாருங்க. குட்பெரி முதல் லெவல் மந்திரம், ஒரு தடவ போட்டா பத்து பழம், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. முற்றுகையில இருக்கற கோட்டைக்குள்ள இந்த மந்திரம் போடற பத்து ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) இருந்தா எதிரி பட்டினி போட்டு ஜெயிக்க முடியாது, முதல்ல ட்ரூயிடத்தான் தேடிக் கொல்லுவான்.

அப்போ கொலை மர்மம் எப்படி வைக்கறது? பொணத்துக்கிட்டயே யார் கொன்னதுன்னு கேட்டுடறாங்களே!

கேக்கட்டும். பொணத்தப் பேச வைக்கற ஸ்பீக் வித் டெட் மந்திரத்துல அஞ்சு கேள்விதான், பொணத்துக்கு வாய் இருக்கணும், உயிரோட இருந்தப்போ தெரிஞ்சதுதான் அதுக்குத் தெரியும், கேக்கறவர எதிரின்னு நெனைச்சா உண்மை சொல்லணும்னு கட்டாயமும் இல்ல, ஒரு தடவ பேசினா அடுத்த பத்து நாளைக்குப் பேசாது. இந்த மந்திரம் இருக்குன்னு கொலைகாரனுக்கும் தெரியும்ல, அதனால முகமூடி போட்டு வருவான், பின்னாலிருந்து குத்துவான், இல்ல கீழ்த்தாடைய வெட்டி எடுத்துட்டுப் போவான். தாடை இல்லாத பொணத்தப் பாத்ததுமே "செஞ்சவனுக்கு மந்திரம் தெரியும்"னு பிளேயர்ஸ் பிடிச்சுக்குவாங்க, தடயத்த மறைக்கப் போனதே தடயமாயிடுச்சு. மந்திரம் வேலை செய்யாதுன்னு மட்டும் நீங்களா தடுக்காதீங்க, அவங்க லெவல் ஏறி சம்பாதிச்சது அது.

மத்தபடி ஒரு முடிவுக்கு வர மூணு தடயமாவது வைங்க. ஒண்ண பாக்காம போயிடுவாங்க, ஒண்ண தப்பா புரிஞ்சுக்குவாங்க, மூணாவது கைகுடுக்கும்.

பாஸா நிறுத்தின பெரிய எதிரி ரெண்டு ரவுண்டுல செத்துட்டான், உயிர்ப் புள்ளிய ஏத்தினா சரியாகுமா?

ஏத்தினா சண்டை நீளும், அவ்ளோதான். பிரச்சனை என்னன்னா நாலு பேர் நாலு தடவ அடிக்கறப்போ அவன் ஒரு தடவதான் அடிக்கறான். அதுக்காகத்தான் பெரிய மிருகங்களுக்கு மத்தவங்க டர்ன் முடிஞ்சதும் பண்ற லெஜண்டரி ஆக்‌ஷன் இருக்கு, பெரும்பாலும் ரவுண்டுக்கு மூணு. கூட ஆள் நிறுத்துங்க, எடத்த மாத்துங்க, சண்டை நடக்கற பாலம் ஒவ்வொரு ரவுண்டும் கொஞ்சம் கொஞ்சமா இடியட்டும், அதையும் முதல் ரவுண்டுலயே அவங்க கண்ல காட்டிடுங்க. திட்டம் போட்டு ரெண்டு ரவுண்டுல முடிச்சாங்கன்னா கைதட்டுங்க, நடு சண்டைல உயிர ஏத்தறது டைஸ மாத்தறதுக்கு சமம்.

ஓர்க், காப்ளின் மாதிரி அரக்க இனங்க எல்லாம் பொறப்புலயே கெட்டவங்கதானா? பாத்ததும் வெட்டிடலாமா?

அப்படி வச்சா யோசிக்க ஒண்ணும் இல்ல, வெட்டறது மட்டும்தான் மிச்சம். நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்ன வேணும்னு ஒரு வரி எழுதி வைப்பேன், காட்டுல வேட்டை கொறஞ்சு போச்சு, ஆத்துக்கு இந்தப் பக்கம் வரணும், அந்த மாதிரி. வேணுங்கறது தெரிஞ்சா பேரம் பேசலாம், ஏமாத்தலாம், உதவலாம், சண்டையும் போடலாம்.

பழைய ரூல்ஸ்ல இதுக்கு அருமையான வழி ஒண்ணு இருந்துச்சு. 1981 பேசிக் டி அண்ட் டில எதிர்ல வர்றவங்க மனநிலைக்கு 2டி6, அதாவது ஆறு முக டைஸ் ரெண்டு, உருட்டிக் கூட்டலாம், 2 விழுந்தா உடனே தாக்குவாங்க, 12ன்னா சிநேகமா பேசுவாங்க, 6ல இருந்து 8 வரைக்கும் குழப்பத்துல நிப்பாங்க, அதுக்கே 44 சதவீத வாய்ப்பு. சண்டைல கூட்டாளி ஒருத்தன் செத்தா ஓடலாமான்னு பாக்க மொரேல் உருட்டும் உண்டு. ரெண்டையும் எந்த கேம்ல வேணா சொருகிக்கலாம், உயிர் பொழைக்க ஓடற எதிரி இருந்தாலே உலகம் நிஜமாயிடும்.

ஒரு பிளேயர் கூட இருக்கறவங்ககிட்டயே திருடறாரு, கேட்டா "என் கேரக்டர் அப்படித்தான்"ங்கறாரு

கேரக்டர அப்படி உருவாக்கினது அவருதான, மாத்தவும் அவரால முடியும். இத கதைக்குள்ள தண்டிக்கப் போகாதீங்க, காவலாளிய விட்டுப் பிடிச்சா அவரு இன்னும் சுவாரசியமாயிட்டாருன்னு நெனச்சுக்குவாரு. ஆட்டத்த நிறுத்திட்டு, ஆளோட ஆளா, "மத்தவங்களுக்கு இது பிடிக்கல, இந்த கேரக்டர் ஏன் இந்தக் குழுவோட இருக்குன்னு ஒரு காரணம் கண்டுபிடிங்க"ன்னு சொல்லுங்க.

பயங்கரமான சீன் வைக்கலாமா? ஒருத்தருக்கு சங்கடமா இருந்தா எப்படித் தெரியும்?

முதல் செஷனுக்கு முன்னாடி செஷன் ஜீரோன்னு ஒண்ணு உக்காந்து பேசுங்க. கதைக்குள்ள வரவே கூடாதது எது, வரலாம் ஆனா விவரிக்காம தாண்டிடணும்ங்கறது எதுன்னு ரெண்டு லிஸ்ட். எல்லார் முன்னாடியும் சொல்லக் கூச்சமா இருந்தா உங்களுக்குத் தனியா எழுதி அனுப்பட்டும், யார் எழுதினாங்கன்னு வெளிய சொல்லாதீங்க. டேபிள்ல ஒரு எக்ஸ் கார்டு வைங்க, ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் கொண்டுவந்த யோசனை, யார் அத தொட்டாலும் காரணம் கேக்காம அந்த விஷயத்த விட்டுட்டு நகந்துடணும். இதனால பயம் கொறையும்னு சிலர் நெனைக்கறாங்க. எங்க நிறுத்தலாம்னு தெரிஞ்ச டேபிள்லதான் ஜனங்க தைரியமா இருட்டுக்குள்ள போவாங்க.

மொத்த குழுவும் செத்துட்டா? கேம்பெயின் (பல செஷனா தொடர்ந்து போற கதை) முடிஞ்சுதா?

முதல்ல அவங்ககிட்ட கேளுங்க, சிலருக்கு அங்கயே முடிக்கத்தான் ஆசையா இருக்கும், அதுவும் நல்ல முடிவுதான். தொடரணும்னா உலகம் அப்படியேதான இருக்கு. ஆறு துண்டு வட்டமும் நிரம்பி ஆத்தங்கரை ஊரே போயிடுச்சுன்னா ஒரு வருஷம் கழிச்சு புதுக் குழுவோட அங்கயே ஆரம்பிங்க. படகுக்காரி பக்கத்து ஊருல அகதியா இருக்கட்டும், பழைய குழுவப் பத்தி அவ என்ன சொல்லுவான்னு யோசிங்க. செத்த கேரக்டர்ஸோட பொருள் எல்லாம் அக்கரைல கெடக்குது, அவங்களோட வாள இடுப்புல சொருகிட்டு அங்க எவனோ திரியறான். புதுக் கேரக்டர்ஸ பழைய லெவல்ல இருந்து தொடங்கறதா ஒண்ணுல இருந்தாங்கறத பிளேயர்ஸே தீர்மானிக்கட்டும், நீங்க அந்த எவனோ யாருன்னு மட்டும் அடுத்த வாரத்துக்குள்ள எழுதி வச்சுக்கோங்க.